ஒரு டியூக் குடும்பம் எப்படி இயங்குகிறது? கேவண்டிஷ் வம்சத்தை வைத்து ஓர் எளிய விளக்கம்

கேவண்டிஷ் என்ற பெயரை நீங்கள் ஏற்கெனவே எங்காவது பார்த்திருப்பீர்கள். ஹைட்ரஜனைத் தனி வாயுவாக அடையாளம் கண்ட ஹென்றி கேவண்டிஷ் பள்ளிப் புத்தகத்தில் வருவார். எலெக்ட்ரானைக் கண்டுபிடித்த கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தின் பெயர் கேவண்டிஷ் ஆய்வகம். ரோபஸ்டா என்றும் ஜி-9 என்றும் நம் பழக்கடைகளில் தொங்கும் நீளமான வாழைப்பழங்கள் கேவண்டிஷ் வகையைச் சேர்ந்தவை. இந்த மூன்றும் ஒரே குடும்பத்தின் பெயர்தான். இங்கிலாந்தின் டெவன்ஷயர் டியூக்குகள் அந்தக் குடும்பம்.

ஆங்கிலேயப் பிரபுக்கள் பற்றிப் படிக்கும்போது பலருக்கும் குழப்பம் வருவது இயல்பு. ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருக்கும். அப்பா டியூக், மகன் மார்க்வெஸ், தம்பி லார்ட் என்று இருப்பார்கள். 'லார்ட்' என்று அழைக்கப்படுபவர் பிரபுக்கள் சபையில் இல்லாமல் மக்கள் சபையில் உட்கார்ந்திருப்பார். விதிகளை மட்டும் எடுத்துச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஒரு குடும்பத்தின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் எல்லாம் தானாகப் பிடிபடும். அதற்குக் கேவண்டிஷ் குடும்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அடிப்படை. இங்கிலாந்துப் பிரபுப் பட்டங்களில் ஐந்து படிகள் உண்டு. மேலே டியூக், அதற்குக் கீழே மார்க்வெஸ், ஏர்ல், வைகவுண்ட், கடைசியில் பாரன். இவற்றை அரசர் தருகிறார். தந்த பிறகு அது பரம்பரையாகப் போகும், அதுவும் பெரும்பாலும் ஆண்வழியில் மட்டும். மூத்த மகனுக்குப் போகும். மகன் இல்லையென்றால் தம்பிக்கு, தம்பியின் மகனுக்கு, இன்னும் தூரத்துப் பங்காளிக்கு என்று போகுமே தவிர, வீட்டில் இருக்கும் மகளுக்குப் போகாது. 2013-ல் ஒரு சட்டம் வந்து, அரச பதவிக்கு மட்டும் ஆண் பெண் பேதமில்லாமல் மூத்த பிள்ளை வரலாம் என்று ஆக்கியது. டியூக், ஏர்ல் பட்டங்களை அந்தச் சட்டம் தொடவில்லை.

இன்னொன்றை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தின் கண்ணில் பிரபு என்பவர் அந்தப் பட்டத்தை இப்போது வைத்திருக்கும் ஒரே ஒருவர்தான். அவருடைய பிள்ளைகள் எல்லாரும் சட்டப்படி சாதாரணக் குடிமக்கள். ஆனால் ஒரு டியூக்கிடம் பெரிய பட்டத்தோடு சின்னப் பட்டங்களும் சில இருக்கும். அவற்றில் ஒன்றை மூத்த மகன் மரியாதைக்காகப் பயன்படுத்திக்கொள்வார். டெவன்ஷயர் டியூக்கின் மூத்த மகனுக்கு ஹார்ட்டிங்டன் மார்க்வெஸ் என்று பெயர். இளைய மகன்களுக்குப் பெயருக்கு முன்னால் 'லார்ட்' வரும். அந்த லார்டின் பிள்ளைக்கு அதுவும் இல்லை. விஞ்ஞானி ஹென்றி கேவண்டிஷ் அப்பா வழியில் ஒரு டியூக்கின் பேரன், அம்மா வழியில் இன்னொரு டியூக்கின் பேரன். ஆனாலும் அவர் பெயரில் எந்தப் பட்டமும் ஒட்டவில்லை. அவருடைய அப்பா டியூக்கின் இளைய மகன் என்பதுதான் காரணம்.

அப்புறம், பட்டத்தில் வரும் ஊரைப் பார்த்துக் குடும்பம் அங்கே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. டெவன் என்பது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் மாவட்டம். டெவன்ஷயர் டியூக்குகளின் மாளிகையான சாட்ஸ்வொர்த், நாட்டின் நடுப்பகுதியில் டெர்பிஷயரில் இருக்கிறது.

பெஸ் என்ற பெண்

குடும்பத்தின் பழைய முன்னோர்களில் பெயர் தெரிந்த ஒருவர் சர் ஜான் கேவண்டிஷ், தலைமை நீதிபதி. 1381-ல் நடந்த விவசாயிகள் கிளர்ச்சியில் கொல்லப்பட்டவர். ஆனால் அவரைச் சொல்லி இந்தக் குடும்பம் பெரிதாகவில்லை. உண்மையான தொடக்கம் 16-ஆம் நூற்றாண்டில், டெர்பிஷயரின் ஹார்ட்விக் என்ற இடத்தில் சுமாரான வசதி கொண்ட வீட்டில் பிறந்த எலிசபெத் என்ற பெண்ணிடம் இருக்கிறது. வரலாற்றில் அவரை 'ஹார்ட்விக் பெஸ்' என்பார்கள்.

பெஸ் நான்கு முறை மணந்தார், நான்கு முறையும் விதவையானார். இரண்டாவது கணவர்தான் சர் வில்லியம் கேவண்டிஷ். எட்டாம் ஹென்றி அரசர் கத்தோலிக்க மடங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைப் பறிமுதல் செய்தபோது, அந்த வேலையைச் செய்த அதிகாரிகளில் ஒருவர் அவர். அதில் கை நிறையச் சம்பாதித்தார். மனைவியின் பேச்சைக் கேட்டுத் தன் நிலங்களை விற்றுவிட்டு, அவள் பிறந்த டெர்பிஷயரில் இடம் வாங்கினார். 1549-ல் 600 பவுண்டு கொடுத்து வாங்கியதுதான் சாட்ஸ்வொர்த். இவர்களுக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்து ஆறு தங்கின.

நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி ஏர்ல், நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஸ்காட்லாந்து ராணி மேரியை எலிசபெத் ராணி சிறைவைத்தபோது, 1569 முதல் 15 ஆண்டுகள் காவல் பொறுப்பு இந்தத் தம்பதியிடம்தான் இருந்தது. மேரி சாட்ஸ்வொர்த்திலும் பலமுறை அடைக்கப்பட்டிருந்தார். அந்தத் திருமணம் சண்டையில் முடிந்தது. ஏர்ல் 1590-ல் இறந்ததும், அறுபது வயதைத் தாண்டிய பெஸ் தன் பிறந்த ஊரில் புதிய மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதுதான் ஹார்ட்விக் மாளிகை. கண்ணாடி அபூர்வமாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்த அந்தக் காலத்தில், சுவரைவிடச் சன்னல்தான் அதிகம் என்று ஊரே பேசும்படி கட்டினார். இன்றும் அதன் கோபுரங்களின் உச்சியில் 'இ', 'எஸ்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் கல்லில் வானத்தைத் தொட்டு நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற அவருடைய பெயரின் முதலெழுத்துகள் அவை. பல மைல் தூரத்திலிருந்து தெரியும்.

இந்தப் பெண்ணின் பெயர் டியூக்குகளின் வரிசைப் பட்டியலில் வராது. பட்டம் அவருடைய இரண்டாவது மகன் வில்லியமுக்கு 1618-ல் கிடைத்தது. அவர்தான் முதல் டெவன்ஷயர் ஏர்ல். முதலாம் ஜேம்ஸ் அரசர் கஜானாவை நிரப்பப் பட்டங்களை விலைக்குக் கொடுத்த காலம் அது. ஆனால் வில்லியமிடம் இருந்த நிலம், வீடு, பணம் எல்லாமே அம்மா சேர்த்துவைத்தது. வம்ச வரலாற்றை ஆண்களின் எண்வரிசையில் மட்டும் படித்தால் பாதிக் கதைதான் தெரியும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்து வரும் பகுதிகளிலும் அதைப் பார்ப்பீர்கள்.

பெஸ்ஸின் மற்றொரு மகனின் கிளையிலிருந்து நியூகாசில் டியூக் என்ற தனிக் குடும்பம் வந்தது. அது வேறு கதை.

சொத்து ஏன் சிதறவில்லை

நம் ஊரில் ஐம்பது ஏக்கர் நிலம் இருந்தால், மூன்று தலைமுறைப் பாகப்பிரிவினைக்குப் பிறகு ஆளுக்கு இரண்டு ஏக்கர் மிஞ்சும். இங்கிலாந்துப் பிரபுக்கள் நானூறு ஆண்டுகள் ஒரே இடத்தில் அசையாமல் இருந்ததன் ரகசியம், அவர்கள் பாகம் பிரிக்காததுதான். நிலம் முழுவதும் பட்டத்தோடு சேர்ந்து மூத்தவருக்கே போகும்.

அது வெறும் பழக்கமாக மட்டும் இருந்திருந்தால், ஏதாவது ஒரு தலைமுறையில் சூதாடி மகன் ஒருவன் எல்லாவற்றையும் விற்றுத் தின்றிருப்பான். அதைத் தடுக்க 17-ஆம் நூற்றாண்டில் வழக்கறிஞர்கள் ஓர் ஏற்பாட்டை உருவாக்கினார்கள். பத்திரத்தில், இப்போதைய உரிமையாளர் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கலாம், விற்க முடியாது என்று எழுதிவைப்பார்கள். மகனுக்கு 21 வயது ஆகும்போதோ கல்யாணம் ஆகும்போதோ அப்பாவும் மகனும் உட்கார்ந்து புதிய பத்திரம் எழுதுவார்கள். மகனுக்குக் கைச்செலவுக்குப் பணம் வேண்டும், அப்பாவுக்கு நிலம் அடுத்த தலைமுறைக்கும் பூட்டப்பட வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டதும் மகனும் ஆயுள் அனுபவதாரர் ஆகிவிடுவார். அவருக்கு மகன் பிறந்து வளர்ந்ததும் இதே கதை திரும்ப நடக்கும். அதே பத்திரத்தில் விதவைக்கு ஜீவனாம்சம், மகளுக்குச் சீதனம், இளைய மகன்களுக்கு ஒரு தொகை எல்லாம் குறிக்கப்பட்டிருக்கும். ஆக, டியூக் என்பவர் பெயருக்குத்தான் முதலாளி. உண்மையில் அவர் ஒரு நீண்ட வரிசையில் ஒரு தலைமுறைக்கான பொறுப்பாளர்.

இந்தப் பூட்டு சிக்கலையும் தரும். இரண்டாவது ஏர்ல் ஆடம்பரமாக வாழ்ந்து, 1628-ல் பெருங்கடனோடு இறந்தார். நிலத்தை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் பத்திரம் விடாது. அவருடைய மனைவி கிறிஸ்டியன் புரூஸ், நாடாளுமன்றத்தின் தனிச் சட்ட அனுமதியோடு கொஞ்சம் நிலத்தை விற்று, வழக்குகளை நடத்தி, சிறு பையனாக இருந்த மூன்றாவது ஏர்லுக்குச் சொத்தை மீட்டுக்கொடுத்தார். அந்தப் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ். 1608-ல் இந்தக் குடும்பத்தில் ஆசிரியராகச் சேர்ந்த ஹாப்ஸ், இடையிடையே வெளியே போனாலும், 1679-ல் ஹார்ட்விக் மாளிகையில்தான் கண்ணை மூடினார்.

ஒரு கடிதத்தால் வந்த டியூக் பட்டம்

நான்காவது ஏர்ல் முன்கோபி. 1687-ல் அரச மாளிகைக்குள்ளேயே ஒரு கர்னலை அடித்துவிட்டார். அதற்கு விதிக்கப்பட்ட அபராதம் 30,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது ஒருவரை அடியோடு சாய்க்கும் தொகை. அவர் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பி, பெஸ் கட்டிய பழைய வீட்டைப் பகுதி பகுதியாக இடித்து இப்போதுள்ள மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார்.

அடுத்த ஆண்டு, கத்தோலிக்க அரசரான இரண்டாம் ஜேம்ஸை அகற்ற ஏழு பேர் ரகசியமாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். ஹாலந்திலிருந்து ஆரஞ்சு இளவரசர் வில்லியம் படையோடு வர வேண்டும் என்பது கடிதத்தின் சாரம். பிடிபட்டால் தலை போகும். அந்த ஏழு பேரில் டெவன்ஷயர் ஏர்லும் ஒருவர். வில்லியம் வந்தார், ஜேம்ஸ் தப்பி ஓடினார், நாடாளுமன்றத்தின் கை ஓங்கியது. 1694-ல் ஏர்ல் டியூக்காக உயர்த்தப்பட்டார்.

இதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இந்தக் குடும்பம் விக் கட்சியின் தூண்களில் ஒன்று. அரசரின் அதிகாரத்துக்கு நாடாளுமன்றம் கடிவாளம் போட வேண்டும் என்பது அந்தக் கட்சியின் அடிப்படை. ஒரு டியூக்கின் பொது வாழ்க்கை எப்படி நடந்தது என்று கேட்டால், மூன்று கைகளால் நடந்தது என்று சொல்லலாம். பிரபுக்கள் சபையில் அவருக்குப் பிறப்பாலேயே ஓர் இருக்கை. தன் நிலத்தில் குடியிருப்பவர்கள் ஓட்டுப் போடும் தொகுதிகளில் அவர் காட்டும் ஆள்தான் மக்கள் சபைக்குப் போவார், பெரும்பாலும் அவருடைய தம்பியோ மகனோ. மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்து உள்ளூர்ப் படையையும் நீதிபதிகள் நியமனத்தையும் கவனிப்பதும் அவரே. இரகசிய வாக்கெடுப்பு 1872-ல்தான் வந்தது. அதுவரை பண்ணையார் பார்த்துக்கொண்டிருக்க ஓட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எவ்வளவு அறிவாளி டியூக்காக இருந்தாலும், அவருடைய செல்வாக்கு இந்த அச்சத்தின் மேல்தான் நின்றது என்பதை மறக்கக் கூடாது.

நான்காவது டியூக் 1756 நவம்பரில் பிரதமரே ஆனார். அப்போது அவருக்கு வயது 36. உண்மையான அதிகாரம் அவருடைய அரசில் அமைச்சராக இருந்த வில்லியம் பிட்டிடம் இருந்தது. சில மாதங்களில் பதவி போயிற்று. குடும்பத்துக்கு அவரால் வந்த பெரிய லாபம் அரசியலில் வரவில்லை, கல்யாணத்தில் வந்தது. 1748-ல் அவர் மணந்த சார்லட் பாயில், பர்லிங்டன் ஏர்லின் சொத்து முழுவதற்கும் வாரிசு. லண்டனில் பர்லிங்டன் மாளிகையும் சிஸ்விக் மாளிகையும், யார்க்ஷயரில் போல்டன் ஆபி நிலங்களும், அயர்லாந்தில் லிஸ்மோர் கோட்டையும் அவரோடு வந்தன. போல்டன் ஆபியும் லிஸ்மோரும் இன்றும் குடும்பத்திடம் இருக்கின்றன. சார்லட் பத்து ஆண்டுகூட அந்த வீட்டில் வாழவில்லை. 1754-ல் அம்மை நோயில் இறந்துபோனார்.

அடுத்த டியூக்கின் மனைவி ஜார்ஜியானா ஸ்பென்சர். இளவரசி டயானா பிறந்த அதே ஸ்பென்சர் குடும்பம். 1784-ல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் விக் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் போட்டியிட்டபோது, ஜார்ஜியானா தெருத் தெருவாக இறங்கிக் கடைக்காரர்களிடம் ஓட்டுக் கேட்டார். டியூக்கின் மனைவியான ஒரு டச்சஸ் கசாப்புக் கடைக்காரருக்கு முத்தம் கொடுத்து ஓட்டு வாங்கினார் என்று எதிர்க்கட்சி கேலிச்சித்திரங்களை அச்சடித்துப் பரப்பியது. ஓட்டுரிமையே இல்லாத ஒரு பெண் அரசியலில் இறங்கினால் என்ன கிடைக்கும் என்பதை அந்தப் படங்கள் காட்டுகின்றன. ஃபாக்ஸ் ஜெயித்தார். ஜார்ஜியானா சூதாட்டக் கடனில் மூழ்கியதும், அவருடைய தோழி எலிசபெத் ஃபாஸ்டர் அதே வீட்டில் டியூக்கின் துணையாக வாழ்ந்ததும் பிரபலமான கதைகள். அவற்றைவிட அந்தத் தேர்தல் பிரசாரம்தான் முக்கியமாக எனக்குப் படுகிறது.

இளையவர்களின் வழி

மூத்தவருக்கு எல்லாம் போனால் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ராணுவம், சர்ச், நாடாளுமன்றம், நல்ல இடத்தில் கல்யாணம். ஹென்றி கேவண்டிஷ் இதில் எதிலும் சேரவில்லை. 1731-ல் பிறந்த அவர் கேம்பிரிட்ஜில் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியேறினார். யாரிடமும் பேச மாட்டார், வேலைக்காரப் பெண்களுக்குச் சீட்டு எழுதிவைத்துத்தான் உத்தரவு கொடுப்பார் என்கிறார்கள். அப்பா லார்ட் சார்லஸும் பரிசோதனைகளில் ஆர்வம் கொண்டவர். விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டிக்கு மகனை அழைத்துச் சென்றவர் அவரே.

1798-ல் ஹென்றி வெளியிட்ட பரிசோதனையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். அவருடைய நண்பர் ஜான் மிட்செல் வடிவமைத்து, முடிக்காமல் இறந்துபோன கருவி அது. ஆறு அடி நீள மரக்கோல் ஒன்று மெல்லிய கம்பியில் கிடைமட்டமாகத் தொங்குகிறது. இரண்டு முனைகளிலும் சின்ன ஈய உருண்டைகள். அவற்றின் பக்கத்தில் ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள பெரிய ஈய உருண்டைகளை நகர்த்துகிறார்கள். பெரிய உருண்டை சின்ன உருண்டையை ஈர்க்கும்போது கோல் மிகமிகக் கொஞ்சம் திரும்பும். மனித உடம்பின் சூடு காற்றை அசைத்தாலே அளவு கெட்டுவிடும். அதனால் கருவியை மூடிய அறைக்குள் வைத்து, வெளியே நின்று தொலைநோக்கி வழியாக அசைவைப் படித்தார். அதிலிருந்து பூமியின் அடர்த்தி தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தரை மடங்கு என்று கணக்கிட்டார். இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

1810-ல் கல்யாணம் ஆகாமலே இறந்தபோது ஹென்றி ஏறக்குறைய பத்து லட்சம் பவுண்டு விட்டுச்சென்றார். அதில் பெரும்பகுதி அவருடைய உறவினர் லார்ட் ஜார்ஜ் கேவண்டிஷுக்குப் போயிற்று. அவர் நான்காவது டியூக்கின் இளைய மகன். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜார்ஜியானாவின் ஒரே மகன் ஆறாவது டியூக். வாழ்நாள் முழுவதும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1826-ல் ஜோசப் பாக்ஸ்டன் என்ற 23 வயது இளைஞரைச் சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக நியமித்தார். இருவருக்கும் செடிகள்மீது தீராத காதல். டியூக் 1835-ல் ஜான் கிப்சன் என்ற தோட்டக்காரரை இந்தியாவுக்கே அனுப்பினார். கிப்சன் இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளில் அலைந்து ஆர்க்கிட் செடிகளைக் கப்பல் கப்பலாகச் சேகரித்தார். அதே ஆண்டுகளில் மொரிஷியஸ் வழியாக வந்த ஒரு குள்ள வாழையைப் பாக்ஸ்டன் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்துக் குலை தள்ளியது. முதலாளியின் குடும்பப் பெயரையே அதற்கு வைத்தார்கள். மிஷனரிகள் அதன் கன்றுகளைப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் பனாமா வாடல் நோய் க்ரோ மிஷேல் என்ற ஏற்றுமதி ரகத்தை அழித்தபோது, அந்த இடத்தைப் பிடித்தது கேவண்டிஷ். பாக்ஸ்டன் சாட்ஸ்வொர்த்தில் கட்டிப் பழகிய கண்ணாடிக் கூடங்களின் அனுபவத்தில்தான், 1851 லண்டன் கண்காட்சிக்குக் கிரிஸ்டல் பேலஸ் என்ற பிரம்மாண்டமான கண்ணாடிக் கட்டடத்தை வடிவமைத்தார்.

1858-ல் ஆறாவது டியூக் இறந்ததும் விதிகள் எப்படி வேலைசெய்கின்றன என்று பாருங்கள். அவருக்குச் சகோதரிகள் உண்டு, ஆனால் டியூக் பட்டம் அவர்களுக்குப் போகாது. லார்ட் ஜார்ஜின் பேரன் வில்லியமுக்குப் போனது. பாட்டி சார்லட் வழியாக வந்த கிளிஃபோர்டு என்ற ஒரு பழைய பாரன் பட்டம் மட்டும் பெண்களும் பெறக்கூடிய வகை. இரண்டு சகோதரிகளுக்கும் சம உரிமை இருந்ததால் அது யாருக்கும் போகாமல் அந்தரத்தில் நின்றுவிட்டது.

இந்த ஏழாவது டியூக் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் வாங்கியவர். பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தபோது 6,300 பவுண்டு கொடுத்து இயற்பியல் ஆய்வகம் கட்டவைத்தார். 1874-ல் திறந்தது. முதல் பேராசிரியர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், ஹென்றி கேவண்டிஷ் அச்சிடாமல் வைத்திருந்த மின்சார ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். ஹென்றியின் பணம் யாருக்குப் போனதோ அவருடைய பேரன்தான் ஆய்வகத்தைக் கட்டினார். 1897-ல் எலெக்ட்ரானும், 1953-ல் டி.என்.ஏ.வின் வடிவமும் அங்கிருந்து வெளிவந்தன.

பிரதமர் பதவி வேண்டாம் என்றவர்

எட்டாவது டியூக் இந்தக் குடும்பத்தின் மிகப் பெரிய அரசியல்வாதி. அப்பா நீண்ட நாள் வாழ்ந்ததால் அவர் 58 வயது வரை ஹார்ட்டிங்டன் மார்க்வெஸாகவே இருந்தார். அது மரியாதைப் பட்டம்தானே, அதனால் தேர்தலில் நின்று 1857 முதல் 1891 வரை மக்கள் சபையில் இருக்க முடிந்தது. அப்பா இறந்த அன்றே அவர் பிரபுக்கள் சபைக்கு மாற வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் சொன்ன குழப்பத்துக்கு விடை இதுதான்.

1880 முதல் 1882 வரை இந்தியாவுக்கான அமைச்சர் அவர். ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தது அப்போதுதான், சென்னை ரிப்பன் மாளிகை யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ அதே ரிப்பன். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படையை ஆப்கானிஸ்தானின் காந்தஹாரிலிருந்து திரும்பப் பெறும் முடிவு ஹார்ட்டிங்டன் பொறுப்பில் நடந்தது. 1880-ல் விக்டோரியா ராணி அவரைப் பிரதமராகச் சொன்னார். விக்குகளின் வழிவந்த லிபரல் கட்சியின் மூத்த தலைவர் கிளாட்ஸ்டன். அவரைவிட்டு எந்த லிபரல் அரசும் நிற்காது என்று ஹார்ட்டிங்டன் மறுத்துவிட்டார். 1886-லும் 1887-லும் மறுபடி வாய்ப்பு வந்தது, மறுபடியும் மறுத்தார்.

அவருடைய தம்பி லார்ட் ஃபிரெடரிக் கேவண்டிஷ் 1882 மே 6-ஆம் தேதி அயர்லாந்தின் தலைமைச் செயலராக டப்ளினில் பதவியேற்றார். அன்று மாலையே பீனிக்ஸ் பூங்காவில் நடந்துபோகும்போது, உடன் வந்த அதிகாரி தாமஸ் பர்க்கோடு சேர்த்துக் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். செய்தவர்கள் ஓர் ஐரிஷ் தீவிரவாதக் குழு. நான்கு ஆண்டுகள் கழித்து அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர கிளாட்ஸ்டன் முயன்றபோது, ஹார்ட்டிங்டன் கட்சியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தார். ஃபிரெடரிக்கின் மனைவி லூசி பெண் கல்விக்காக உழைத்தார். கேம்பிரிட்ஜின் லூசி கேவண்டிஷ் கல்லூரி அவர் பெயரில் 1965-ல் தொடங்கியது.

வரி வந்த பிறகு

1894-ல் இறப்பு வரி சீர்திருத்தப்பட்டது. பெரிய சொத்துக்கு அதிக விகிதம் என்ற கொள்கை அப்போது நுழைந்தது. 1908-ல் பட்டத்துக்கு வந்த ஒன்பதாவது டியூக்கைத்தான் இந்த வரி முதலில் கடித்தது. பழைய அச்சு நூல்களின் அரிய தொகுப்பு ஒன்று அமெரிக்கச் செல்வந்தர் ஹன்டிங்டனுக்குப் போனது. லண்டன் பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் மாளிகை விற்கப்பட்டு 1924-ல் இடிக்கப்பட்டது. பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடிக் கூடமும் 1920-ல் தகர்க்கப்பட்டது. போர்க்காலத்தில் சூடேற்ற நிலக்கரி இல்லாமல் உள்ளே இருந்த செடிகள் செத்துப்போயிருந்தன.

அதே டியூக் 1916 முதல் 1921 வரை கனடாவின் கவர்னர் ஜெனரல். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்த ஓர் இளம் அதிகாரி அவருடைய மகள் டாரதியை மணந்தார். அவர்தான் பின்னாளில் பிரதமரான ஹெரால்ட் மேக்மில்லன். 1923-ல் டியூக் குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்தபோது கென்யா பற்றி வெளியான வெள்ளை அறிக்கை, ஆப்பிரிக்கர்களின் நலனே முதன்மை என்று அறிவித்தது. அங்கே குடியேறியிருந்த இந்தியர்கள் வெள்ளையர்களுக்குச் சமமான உரிமை கேட்டுப் போராடியதன் நடுவில் வந்த அறிக்கை அது. மேட்டுநிலங்கள் வெள்ளையர்களுக்கு மட்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் அது மாற்றவில்லை.

பத்தாவது டியூக் 1940-களின் தொடக்கத்தில் இந்தியா, பர்மா துறையின் துணை அமைச்சர். அவருடைய மூத்த மகன் வில்லியம் 1944 மே மாதம் ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனை மணந்தார். நான்கே மாதத்தில் பெல்ஜியம் போர்முனையில் சுடப்பட்டு இறந்தார். வாரிசு இடத்துக்குத் தம்பி ஆண்ட்ரூ வந்தார். வரியைத் தவிர்க்கச் சொத்தை முன்கூட்டியே மாற்றிவிடலாம், ஆனால் மாற்றியவர் அதன்பின் ஐந்து ஆண்டு உயிரோடு இருக்க வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அந்தக் கெடு முடியச் சில வாரங்களே இருந்தபோது, 1950 நவம்பரில் பத்தாவது டியூக் 55 வயதில் திடீரென இறந்தார். வரி 80 சதவீதம்.

ஆண்ட்ரூவும் அவருடைய மனைவி டெபோராவும் அதைக் கட்டி முடிக்கக் கால் நூற்றாண்டுக்கு நெருக்கமாக ஆயிற்று. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் போனது. எட்டாம் ஹென்றியை ஹோல்பைன் வரைந்த பெரிய உருவப்படம் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்துக்குப் போனது. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகையே வரிக்கு ஈடாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, 1959-ல் பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்புக்கு வந்தது. சாட்ஸ்வொர்த்தை மட்டும் விடவில்லை. போரின்போது ஒரு பெண்கள் பள்ளி தங்கியிருந்த அந்த வீட்டுக்கு 1959-ல் தம்பதி குடிவந்தார்கள். டெபோரா பண்ணைக் கடை ஒன்றைத் திறந்தார், வீட்டைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார், சுற்றுலாப் பயணிகள் விரும்பி வரும் இடமாக அதை மாற்றினார். ஆண்ட்ரூ 1960-களின் தொடக்கத்தில், அத்தையின் கணவரான மேக்மில்லனின் அரசில் காமன்வெல்த் துறை அமைச்சர்களில் ஒருவராக இருந்தார். குடும்பத்திலிருந்து அரசுப் பதவி வகித்த டியூக்குகளில் அவரே கடைசி.

1981-ல் மாளிகையும் சுற்றியுள்ள பூங்காவும் ஓர் அறக்கட்டளைக்கு நீண்டகாலக் குத்தகையில் விடப்பட்டன. குடும்பம் தான் வசிக்கும் பகுதிக்கு அந்த அறக்கட்டளைக்கு வாடகை கட்டுகிறது. நுழைவுச் சீட்டில் வரும் வருமானம் வீட்டின் பராமரிப்புக்குப் போகிறது. 1999-ல் வந்த சட்டம், பரம்பரைப் பிரபுக்களில் 92 பேரைத் தவிர மற்றவர்களைப் பிரபுக்கள் சபையிலிருந்து வெளியேற்றியது. 1618 முதல் தொடர்ந்து வந்த டெவன்ஷயர் இருக்கை அத்தோடு முடிந்தது. 2024-ல் அந்த 92 பேரையும் அகற்றும் மசோதா கொண்டுவரப்பட்டது. ஆண்ட்ரூ 2004-ல் இறந்ததும் மகன் பெரெக்ரின் பன்னிரண்டாவது டியூக் ஆனார். அவருடைய மகன் வழக்கம்போல ஹார்ட்டிங்டன் பெயருக்கு மாறாமல், முன்பே தனக்கிருந்த பர்லிங்டன் ஏர்ல் என்ற மரியாதைப் பட்டத்தையே வைத்துக்கொண்டார். அது சார்லட் பாயிலின் தந்தையிடம் இருந்து, ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போய், 1831-ல் லார்ட் ஜார்ஜுக்காக மறுபடி உருவாக்கப்பட்ட பட்டம்.